மொய் நோட்டும் நுழைவுச் சீட்டும்

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவின் எட்டு நாளும் முல்லையாற்றங்கரையில் பசியோடு திரும்புகிறவர் இல்லை. அக்னிச்சட்டி எடுத்து வருபவருக்கும் ஆயிரங்கண் பானை சுமப்பவருக்கும் நீர்மோரும் அன்னதானமும் உண்டு. சோறு போட்டவர் யார் என்று சாப்பிட்டவர் கேட்பதில்லை. இது கொடுப்பதற்கான விருந்து. பணம் திரட்டுவதற்கான விருந்து வேறு சங்கதி. அதில் மேலைநாட்டு நடன விருந்தையும் நம் மொய் விருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 39 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிக் கால் விளங்காமல் போனவர். 1934 ஜனவரி 30, அவர் பிறந்தநாளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான அரங்குகளில் நடன விருந்து நடந்தது. அந்த நோயாளிகளுக்கான வார்ம் ஸ்பிரிங்ஸ் சிகிச்சை நிலையத்துக்காக அன்று சேர்ந்த பணம் 10 லட்சம் டாலருக்கு மேல். நியூயார்க்கின் மெட் காலா என்ற நிதி திரட்டும் விருந்து 1948இல் தொடங்கியபோது நுழைவுச் சீட்டு 50 டாலர். 2024இல் 75,000 டாலர். தொகையை முதலில் முடிவுசெய்துவிட்டு அப்புறம் வாசலைத் திறக்கிற முறை இது.

நம் பக்கம் வாசல் திறந்தே கிடக்கும். காதணி விழாவோ பூப்புனித நீராட்டோ, மண்டபத்தில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். ஒருவர் எண்ணி வாங்க, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் தாம்பூலப் பை நீட்டுவார். ஊர், தகப்பனார் பெயர், தன் பெயர், தொகை என்று வரி ஏறும். ஊருக்குள் ஒரே பெயரில் பலர் இருப்பதால் தொழிலும் பட்டப்பெயரும்கூடச் சேரும். நூற்றியொன்று எழுதியவருக்கு அடுத்த வரியில் ஐயாயிரத்தொன்று எழுதியவர் இருப்பார். இருவருக்கும் பந்தியில் விழுவது ஒரே சோறு, ஒரே குழம்பு. புதுக்கோட்டை கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர்ப் பேராவூரணிப் பக்கம் இதற்கு விசேஷமே தேவையில்லை. ஆடியில் பலர் கூட்டாகக் கறிவிருந்து வைத்து மொய் வாங்குவார்கள். சில பந்தல்களில் பணம் எண்ண இயந்திரமே வைக்கிறார்கள்.

என் கண்ணில் படும் பெரிய வேறுபாடு, யாருக்காக வசூலோ அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான். நடன விருந்தில் பெரும்பாலும் அவர் அரங்கிலேயே இருக்கமாட்டார். மொய்யில் அவரே வாசலில் நின்று, "வாங்க மாமா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று கைகூப்புகிறார். அவருக்கு அதில் தலைகுனிவு இல்லை. வாங்குவதை ஒருநாள் திருப்பிச் செய்யப்போகிறவர் அவர். நோட்டு அதற்குச் சாட்சி. கேட்கிறவனைப் பிச்சைக்காரனாக்காமல் பணம் சேர்த்துத் தருகிற இப்படியொரு ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த மானமே கழுத்தையும் பிடிக்கும். வந்த செய்முறையைத் திருப்பிச் செய்ய நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சம்பாதிக்கிற கை ஓய்ந்துபோன வீட்டுக்கு, பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக்கென மொய் வைத்துக் கொடுத்தால், நோய் தீர்ந்த பிறகும் நோட்டு தீராது. திரும்பி வராது என்று தெரிந்தே கொடுப்பது நடன விருந்தின் பலம். அதை நான் மனதார மதிக்கிறேன்.

இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்ததும் உண்டு. 1938இல் அதே இளம்பிள்ளை வாதத்துக்காக எடி கேன்டர் என்ற நடிகர், வானொலி வழியே ஆளுக்கு 10 சென்ட் அனுப்பச் சொன்னார். வெள்ளை மாளிகைக்கு லட்சக்கணக்கான நாணயங்கள் வந்து குவிந்தன. நடனமாட வசதியில்லாத வீட்டுப் பணமும் கணக்கில் ஏறியது. 2024 ஜூலை 30இல் வயநாட்டில் நிலம் சரிந்தபோது, திண்டுக்கல்லில் ஒரு பிரியாணி உணவகம் மொய் விருந்து வைத்தது. சாப்பிட்டதற்குப் பில் இல்லை; அவரவர் முடிந்ததை வைத்தார்கள், பணம் நிவாரணத்துக்குப் போனது. பந்தியும் மொய்யும் அப்படியே இருக்க, திருப்பிச் செய்யும் கடன் மட்டும் கழன்றுகொண்டது.

வீரபாண்டியில் நாளை ஒரு பிள்ளையின் சிகிச்சைக்கு விருந்து வைத்தால் திண்டுக்கல் வழியே சரி. பாட்டுக் கச்சேரி வைக்கட்டும், சீட்டு வேண்டாம். அரிசியும் இலையும் சமையல்காரர் கூலியும் முன்கூட்டியே தனி ஆட்கள் ஏற்கட்டும். நோட்டின் முதல் பக்கத்திலேயே "இது திரும்பாத மொய்" என்று எழுதிவிட்டு, மைக்கில் பெயரோடு வரவையும், பந்தி முடியும் முன்பே செலவையும் வாசித்துவிடட்டும்.