வீட்டிலேயே பீர் தயாரிக்கும் 'கிட்': பிரிட்டனில் பொழுதுபோக்கு, தமிழ்நாட்டில் குற்றம்... வாளிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு டின் மால்ட் பாகு, ஒரு கிலோ சர்க்கரை, சின்ன பாக்கெட்டில் ஈஸ்ட், 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று. இவ்வளவு இருந்தால் 40 பைன்ட், அதாவது சுமார் 23 லிட்டர் 'பேல் ஏல்' பீர் தயார் என்கிறது பிரிட்டனில் விற்கும் ஹோம் ப்ரூ கிட். அங்கே இதை ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கே வரவழைக்கலாம்.

இந்த வீடியோக்களை மொபைலில் பார்க்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு உடனே இரண்டு கேள்விகள் வரும். இதை இங்கே செய்யலாமா? கள்ளச்சாராயம் மாதிரி இதுவும் உயிரைக் குடிக்குமா?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: கூடாது. இரண்டாவதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ஏனென்றால் இதில் ஆபத்து உண்டு, ஆனால் நாம் தேடும் இடத்தில் அது இல்லை. பீரை விட, அதை அடைத்து வைக்கும் பாட்டில்தான் இங்கே வில்லன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மது என்பது மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் அது குற்றம். விற்பதற்கில்லை, நான் குடிப்பதற்குத்தான் என்ற வாதம் எடுபடாது. 2024இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். சில மாநிலங்களில் பழங்குடி மக்கள் தங்கள் வழக்கப்படி அரிசி பீர் செய்துகொள்ள விலக்கு இருக்கிறது. நமக்கு அப்படி எதுவும் கிடையாது.

பிரிட்டனிலும் ஒரு காலத்தில் வீட்டில் பீர் செய்ய லைசென்ஸ் வேண்டும். 1880இல் வந்த அந்த நடைமுறையை 1963 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். அதன் பிறகுதான் கிட் வியாபாரம் சூடுபிடித்தது. பூட்ஸ் மருந்துக்கடையில்கூட ஒரு காலத்தில் ஹோம் ப்ரூ பொருட்கள் கிடைத்தன! அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கூட்டாட்சி அளவில் கதவைத் திறந்தது. அங்கே ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் வருடத்துக்கு 100 கேலன் வரை செய்யலாம். ஆனாலும் அலபாமா, மிசிசிப்பி இரண்டும் 2013 வரை அனுமதிக்கவில்லை.

இரண்டு நாடுகளிலும் ஒரு கோடு தெளிவாகப் போடப்பட்டிருக்கிறது. வீட்டில் செய்ததை விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கவும் கூடாது. பீர் ஓகே, சாராயம் நோ.

மெத்தனால் பயம் சரியா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த நமக்கு, 'வீட்டில் செய்த மது' என்றாலே பதறுவது இயல்பு. ஆனால் அங்கே உயிரைப் பறித்தது நொதித்தல் இல்லை. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் கலந்த சாராயம் அது. மெத்தனால் உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்கி, உயிரையும் எடுக்கிறது.

பார்லி மால்ட்டில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்னும்போது உருவாவது எத்தனால். மெத்தனால் முக்கியமாகப் பழங்களில் இருக்கும் பெக்டின் என்ற பொருளிலிருந்து வருவது. பீரில் அது பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. 2020 ஊரடங்கில் குக்கரில் சாராயம் காய்ச்சிக் கைதானவர்கள் பற்றிய செய்திகள் நினைவிருக்கும். அது வடித்தல். இந்தக் கிட்டில் அடுப்பின் வேலையே தண்ணீர் கொதிக்க வைப்பதோடு முடிந்துவிடுகிறது.

இதனால் பீர் உடம்புக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆல்கஹால் ஆல்கஹால்தான்.

அது என்ன பேல் ஏல்?

'வெளிர் ஏல்' என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் அப்படிக் கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. முன்பெல்லாம் முளைகட்டிய பார்லியை விறகுப் புகையில் காய வைப்பார்கள். மால்ட் கருத்துப் போகும், பீரும் பழுப்பாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்கரியிலிருந்து எடுக்கும் கோக் எரிபொருளைப் பயன்படுத்தத் தொடங்கியதும், புகையில்லாத வெளிர் மால்ட் கிடைத்தது. அதில் செய்ததுதான் பேல் ஏல். செம்பு, தேன் நிறங்களுக்கு நடுவில் ஒரு நிறம். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வரும் கசப்பும் மணமும் தூக்கலாக இருக்கும்.

நம்மோடு இதற்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. கிழக்கு லண்டனில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் நடத்திய போ மதுவாலையின் பீரை, கிழக்கிந்திய கம்பெனி கப்பல் கேப்டன்கள் பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்கு ஏற்றிவந்தார்கள். பல மாதக் கடல் பயணத்தில் பீப்பாய்க்குள்ளேயே அந்தப் பீர் பக்குவப்பட்டது. 1820களில் பர்டன் அபான் ட்ரென்ட் ஊர்க்காரர்கள் இந்த வியாபாரத்தில் புகுந்தார்கள். அவர்கள் ஊர் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம், அது ஹாப்ஸ் கசப்பை எடுப்பாகக் காட்டும். இன்று ஐபிஏ என்று சொல்கிறார்களே, அதன் விரிவாக்கம் 'இந்தியா பேல் ஏல்'தான். இந்தியாவுக்கு அனுப்புவதற்காகவே ஹாட்ஜ்சன் கண்டுபிடித்தார் என்ற கதை மட்டும் ஆதாரமில்லாதது. வலுவான, ஹாப்ஸ் நிறைந்த பீர் ஏற்கெனவே அங்கே இருந்தது. அது இந்தியப் பயணத்துக்கு ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

டின்னுக்குள் இருப்பது என்ன?

கேழ்வரகை முளைகட்டி, காய வைத்து, அரைத்து 'ராகி மால்ட்' செய்கிறோம் இல்லையா? பார்லியிலும் அதே வேலைதான். முளைக்கும்போது தானியத்தில் நொதிகள் உருவாகும். வெந்நீரில் ஊற வைத்தால் அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சர்க்கரைத் தண்ணீரை வடிகட்டி, ஹாப்ஸ் சேர்த்து, சுண்ட வைத்தால் டின்னில் வரும் பாகு. தொட்டுப் பார்த்தால் தேன் பதம், மோந்து பார்த்தால் ஹார்லிக்ஸ் வாசனை.

அதாவது கிட் வாங்குபவர் பீர் தயாரிப்பின் பாதியை ஏற்கெனவே முடித்த நிலையில்தான் தொடங்குகிறார். ஒற்றை டின் கிட் என்றால் பாகு சுமார் 1.5 முதல் 1.8 கிலோ வரை இருக்கும், தனியாக ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கச் சொல்வார்கள். மூன்று கிலோ கிட் என்றால் சர்க்கரை தேவையில்லை. விலை அதிகம், ருசியும் அதிகம். வெள்ளைச் சர்க்கரை ஆல்கஹாலைக் கூட்டுமே தவிர உடம்பு தராது. தண்ணியடித்த ரசம் மாதிரி ஆகிவிடும்.

முதல் நாள் வேலை முக்கால் மணி நேரம்கூட இல்லை. பாகைக் கொதிநீரில் கரைத்து, வாளியில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, சூடு 25 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடுவது. கொதிக்கக் கொதிக்கத் தூவினால் ஈஸ்ட் செத்துவிடும்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பலரும் கோட்டை விடுவது அங்கேதான். வாளி, மூடி, கரண்டி, குழாய் என்று பீர் மேல் படும் எல்லாவற்றையும் கழுவி, அதற்கான கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவினால் மட்டும் போதாது. மால்ட் தண்ணீர் ஈஸ்ட்டுக்கு மட்டும் விருந்தில்லை, காற்றில் அலையும் எல்லா பாக்டீரியாவுக்கும் விருந்து. அவை முந்திக்கொண்டால் 23 லிட்டரும் புளித்துப்போகும். ஆளைக் கொல்லும் கிருமிகள் பொதுவாகப் பீரில் தாக்குப்பிடிப்பதில்லை. ஆனால் காசு போனது போனதுதான்.

தோசை மாவும் ஈஸ்ட்டும்

மார்கழியில் மாவு பொங்காது, சித்திரையில் ராத்திரியே பொங்கி வழியும். ஈஸ்ட்டும் அப்படித்தான். பேல் ஏல் ஈஸ்ட்டுக்கு ஏற்றது 18 முதல் 22 டிகிரி. வெயில் அதிகமானால் வேகமாக வேலை செய்யும், ஆனால் தின்னர் போல நெடியடிக்கும். குளிர் அதிகமானால் வேலைநிறுத்தம். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் வாளிக்குப் பழைய கம்பளி போர்த்தி வைப்பார்கள், பெல்ட் போன்ற ஹீட்டரும் கட்டுவார்கள்.

ஒரே நாளில் மேலே நுரை கட்டும். மூடியில் செருகிய ஏர்லாக் வழியாகக் கரியமில வாயு 'பிளக்... பிளக்' என்று வெளியேறும். சில கிட்களில் ஹாப்ஸ் தூள் பாக்கெட் ஒன்று கூடவே வரும், நுரை அடங்கிய பிறகு அதைப் போட்டால் மணம் தூக்கும். ஐந்து முதல் பத்து நாளில் சத்தம் நின்றுவிடும்.

சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தமா? இல்லை. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் சத்தம் வராது, குளிரில் ஈஸ்ட் தூங்கிவிட்டாலும் வராது. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஹைட்ரோமீட்டர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நிறைய இருந்தால் மிதக்கும் உயரம் கூடும், குறையக் குறைய மூழ்கும்.

தொடக்கத்தில் 1.044 காட்டினால், முடிவில் 1.010 அளவுக்கு இறங்கும். இரண்டின் வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் அளவு கிடைக்கும். இங்கே சுமார் 4.5 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கை விட முக்கியமானது இன்னொன்று. இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்து அளந்தும் எண் மாறாமல் நிற்க வேண்டும். நின்றால் மட்டும்தான் பாட்டிலைத் தொடலாம்.

பாட்டில் ஏன் வெடிக்கிறது?

வாளியில் இருக்கும் பீரில் கேஸ் கிட்டத்தட்ட இருக்காது. பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடுவார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை விடும், போக வழியில்லாமல் அது பீரிலேயே கரையும். இதுதான் 'பாட்டில் கண்டிஷனிங்'. கோலி சோடாவில் வாயுவை மெஷின் அடைக்கும், இங்கே அந்த வேலை ஈஸ்ட்டுக்கு.

அளவு ரொம்பச் சின்னது. ஒரு லிட்டர் பீருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டால் சுமார் ஒரு லிட்டர் வாயு உருவாகும். ஏற்கெனவே கரைந்திருப்பது முக்கால் லிட்டருக்கு மேல். ஆக ஒரு லிட்டர் பீரில் இரண்டு லிட்டர் வாயு, பிரிட்டிஷ் பேல் ஏலுக்கு அது கச்சிதம். ஒரு பைன்ட் பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் என்று கிட் சொல்வது இதனால்தான்.

இப்போது அவசரக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண் 1.016இல் இருக்கும்போதே, 'நுரை நின்னுடுச்சே' என்று பாட்டிலில் அடைத்துவிடுகிறார். 1.010க்கு இறங்க வேண்டிய மிச்ச சர்க்கரையையும் ஈஸ்ட் உள்ளேயே தின்னும். அந்த ஆறு புள்ளியிலிருந்து மட்டும் லிட்டருக்கு சுமார் மூன்று லிட்டர் வாயு கூடுதலாக வரும். மொத்தம் ஐந்து! ஷாம்பெயினுக்கு நெருங்கிய அளவு அது. ஷாம்பெயின் பாட்டில் அதற்கென்றே தடிமனாகச் செய்தது, சாதாரண பீர் பாட்டில் அதைத் தாங்காது. ஒன்று வெடித்தால் அதன் சில்லு பட்டுப் பக்கத்து பாட்டிலும் வெடிக்கும். ஹோம் ப்ரூ செய்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பாட்டில் பாம்'. கண்ணில் கண்ணாடி பட்டால் அப்புறம் பேச்சே கிடையாது.

அதனால் புதியவர்களுக்குச் சொல்லப்படும் யோசனை: சோடா, கோலா வரும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றையாவது கூடவே நிரப்பி வையுங்கள். தினமும் விரலால் அமுக்கிப் பார்க்கலாம். கல் மாதிரி இறுகிவிட்டால் கேஸ் ஏறிவிட்டது. ஓரிரு நாளிலேயே இறுகினால் ஏதோ தப்பு. அப்படியானால் கண்ணாடி பாட்டில்களைக் குளிரில் வைத்து, கண்ணாடி அணிந்து, துணி போர்த்தி மெதுவாகத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும்.

காத்திருப்பதில் என்ன மாறுகிறது?

முதல் இரண்டு வாரம் பாட்டில்கள் 18 முதல் 22 டிகிரியிலேயே இருக்க வேண்டும், கேஸ் ஏறுவது அப்போதுதான். உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் உறங்கிவிடும், பீர் சப்பென்று இருக்கும். பிறகு இருட்டான, குளிர்ந்த இடத்தில் இன்னும் இரண்டு வாரமாவது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருட்கள் சிதைந்து ஒரு கெட்ட நாற்றம் வரும். பழுப்பு நிற பாட்டில் அதற்காகத்தான்.

இளம் பீரில் பச்சை ஆப்பிள் வாசனை அடிக்கும், அது அசிட்டால்டிஹைடு. சில நேரம் வெண்ணெய் மணம், அது டைஅசிட்டைல். ஈஸ்ட் பொறுமையாக இரண்டையும் திரும்பத் தின்று சுத்தம் செய்யும். ஆங்கிலத்தில் இந்த நிலையை 'கிரீன் பீர்' என்பார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இங்கே பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வரலாம். வலைஞர் வீட்டில் அரிசிக் களியை ஆற்றி, நெல் முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, சாடியில் அதன் 'வழைச்சு' நீங்கும் வரை விளையவிடுவதை அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்கிறது. வழைச்சு என்றால் இளமை, பச்சை வாடை. முளைத்த தானியம், ஆற வைப்பது, சாடியில் பக்குவம்... கிட் பெட்டியில் அச்சடித்த அதே வரிசை!

பேல் ஏலை வருடக்கணக்கில் வைக்கவும் கூடாது. ஹாப்ஸ் மணம் சில மாதங்களில் மங்கத் தொடங்கும்.

பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். கெட்டுப்போனதில்லை, வேலை முடித்து உறங்கும் ஈஸ்ட். குடித்தால் விஷமும் இல்லை, வயிறு கொஞ்சம் உப்பும். அதனால் பாட்டிலை ஒருநாள் முன்பே நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல், ஒரே சாய்வில் கிளாஸில் ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிடுவார்கள்.