நீரை அளந்து காட்டிய ஆசிரியை

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்று கல்லூரியிற் சேர்ந்திருந்த தம்பி ஒருவர், சுற்றுச்சூழல் கல்விக்கான களப்பணிக் குறிப்பேட்டுடன் என்னைக் காண வந்தார். ஒரு குளத்தின் நீரைப் பற்றி அதில் அழகாக எழுதியிருந்தார். “குளத்திற்கு எப்போது சென்றீர்கள்?” என்று வினவினேன். “செல்லவில்லை ஐயா, சென்ற ஆண்டு மாணவர் எழுதியதைப் பார்த்து எழுதினேன். எல்லாரும் அப்படித்தான்” என்றார். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்திருந்தது. அன்று எழுந்த வருத்தமே இக்கட்டுரைக்கு வித்து.

சுற்றுச்சூழல் பற்றிய அறிவு எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் என எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று ஆணையிட்டது. அதனையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு, இளநிலைப் பட்ட வகுப்புகள் அனைத்திற்கும் ஆறு மாதப் பொதுப் பாடத்திட்டம் ஒன்றைப் பின்னர் வகுத்தது. 50 பாடவேளைகளில் 5 களப்பணிக்கு. 100 மதிப்பெண்களில் 25 களப்பணிக்கு. ஆற்றையும் குளத்தையும் மாசுற்ற இடத்தையும் மாணவர் நேரிற் கண்டு எழுதுதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். செய்து கற்கும் இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முன்வரிசையில் நிற்பவர், கல்விக்கூடத்தின் வாயிலிலேயே தடுக்கப்பட்ட ஒரு பெண்மணி.

எல்லன் சுவாலோ என்பார் 1842இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். பிறர் வீட்டு வேலைகளும் செய்து பணம் சேர்த்து, 25ஆம் வயதில்தான் வாசர் மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். 1870இல் பாஸ்டன் நகரில் இருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை மாணவியாக ஏற்றது. அக்கழகத்தில் இடம் பெற்ற முதற்பெண் அவரே. அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. தம் ஏழ்மை கருதிய சலுகை என்று அவர் மகிழ்ந்தார். உண்மை வேறு. எவரேனும் எதிர்ப்புத் தெரிவித்தால், “அவர் எம் மாணவி அல்லர்” என்று கூறிவிடுவதற்காகவே கட்டணம் தவிர்க்கப்பட்டது! இதனைப் பின்னர் அறிந்த அவர், முன்பே தெரிந்திருந்தால் சென்றிருக்கமாட்டேன் என்று வருந்தினார்.

எனினும் அவர் 1873இல் பட்டம் பெற்றார். 1876இல் அக்கழகத்திலேயே பெண்களுக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமையக் காரணமாயிருந்து, ஊதியமின்றிக் கற்பித்தார். பெண்களை முறையான மாணவராகச் சேர்க்கக் கழகம் முன்வந்தபின் 1883இல் அக்கூடம் மூடப்பட்டது. மறு ஆண்டு சுகாதார வேதியியல் ஆசிரியராக நியமனம் பெற்று, 1911இல் மறையும்வரை அப்பணியில் இருந்தார். பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்சை மணந்தமையால் எல்லன் ரிச்சர்ட்ஸ் என்றே உலகம் அவரை அறியும்.

1887இல் மாசசூசெட்ஸ் மாநிலச் சுகாதார வாரியம், மாநிலம் முழுவதிலும் உள்ள நீர்நிலைகளை ஆராய முற்பட்டது. பேராசிரியர் தாமஸ் டிரௌன் தலைமையில் நடந்த அப்பணியில் ஆய்வுக்கூடப் பொறுப்பு எல்லனிடம் வந்தது. ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் உள்ள குளோரைடு உப்பின் அளவைக் குறித்தபோது ஓர் ஒழுங்கு புலனாயிற்று. கடலோரத்தில் உப்பு மிகுதி; உள்நாடு செல்லச் செல்லக் குறைவு. இந்த இயல்பான அளவுகளைக் கோடுகளால் இணைத்து ஒரு வரைபடம் ஆக்கினர். ஓரிடத்து நீரில் அவ்விடத்திற்குரிய அளவைக் காட்டிலும் உப்பு மிகுந்திருந்தால், அங்கே மனிதக் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. ஏனெனில் நம் சிறுநீரிலும் வீட்டுக் கழிவிலும் உப்பு உள்ளது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரின் குற்றத்தை இவ்வாறு எண்கள் காட்டிக் கொடுத்தன.

இதே சோதனைகளை எல்லன் இளநிலை மாணவர்க்கும் கற்பித்தார். சுகாதாரப் பொறியியல் பயின்றோர் நீர், காற்று, கழிவுநீர் ஆகியவற்றைத் தம் கையாலேயே பகுத்தாய்ந்தனர். அக்கழகத்திற் பயின்ற ஆலன் ஹேசன் போன்றோர், 1887இல் தொடங்கிய லாரன்ஸ் நகரச் சோதனை நிலையத்தில் பணிபுரிந்தனர். 1893இல் அந்நகரில் அமைந்த மணல் வடிகட்டி, குடற்காய்ச்சலால் நேரும் மரணங்களைப் பெரிதும் குறைத்தது. ஆய்வு மேசையிற் பிறந்த கல்வி ஊராரின் உயிரைக் காத்தது.

இவ்வரலாற்றை நம் இளைஞர்க்கு நான் ஏன் கூறுகிறேன்? எல்லன் பட்ட தடையும் நம் முன்னோர் பட்ட கொடுமையும் ஒன்றல்ல. அவர் எந்தக் கிணற்றிலும் நீர் அருந்தலாம்; நம் மக்களுக்கு அவ்வுரிமை இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரில் அண்ணல் அம்பேத்கர் சௌதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். ஆயிரக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்தனர். உடனே குளம் தீட்டாயிற்று என்றனர் சாதி இந்துக்கள். 108 குடங்களில் நீர் முகந்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் ஓதிக் குளத்திலேயே ஊற்றித் “தூய்மை” செய்தனர். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று 1937இல்தான் நமக்கு வெற்றி கிட்டியது.

சிந்தியுங்கள். அந்நீரைச் சோதனைக் குழாயில் இட்டிருந்தால் விடை என்னவாக இருந்திருக்கும்? மனிதன் தொட்டதால் நீர் கெடவில்லை என்றும், சாணம் கலந்ததாற் கெட்டது என்றும் அது சொல்லியிருக்கும். தூய்மை என்பது பிறப்பைப் பற்றியது அன்று; அளந்து அறியத்தக்கது. அளக்கத் தெரிந்தவனை எவரும் ஏய்க்க இயலாது.

அச்சோதனை கடினமானதன்று. நீரில் சில துளி பொட்டாசியம் குரோமேட் கரைசலை இட்டால் மஞ்சள் நிறம் பெறும். பின் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்க, ஒரு நிலையில் செங்கல் நிறம் நிலைத்து நிற்கும். செலவான கரைசலின் அளவிலிருந்து குளோரைடைக் கணக்கிடலாம். லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். நைட்ரேட்டிற்கு 45. வெள்ளி நைட்ரேட் பட்டால் விரல் கறுக்கும். எனவே கவனம் தேவை.

கல்லூரியிற் பயிலும் நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணிக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். நம் குடியிருப்பின் கிணறு, அடிபம்பு, மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றின் நீரைக் கோடையிலும் மழைக்காலத்திலும் எடுத்துச் சென்று, உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் துணையுடன் சோதியுங்கள். தேதி, இடம், அளவு மூன்றையும் குறித்து ஒரு படியைச் சங்கத்தில் வையுங்கள். நம் தெருவிற்கு நல்ல நீர் வேண்டி மனு எழுதுங்கால், “நீர் சரியில்லை” என்று எழுதுவதினும், இத்தேதியில் இவ்வளவு என்று எழுதும் மனுவிற்கு வலிமை மிகுதி.

முதலில் குறிப்பிட்ட தம்பி மறுவாரமே தம் தெருக் கிணற்று நீருடன் கல்லூரிக்குச் சென்றார். கறுத்த விரலுடன் வந்து என்னிடம் காட்டினார். அக்குறிப்பேட்டிற்கு மதிப்பெண் இல்லை. ஆயினும் அதுவே அவர் எழுதிய முதற் களப்பணி. அத்தகைய குறிப்பேடுகள் நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரியை நிறைக்கட்டும்.