கோஷா ஆஸ்பத்திரியும் வயித்துக் கட்டியும்

மண்டகப்பட்டுக் குடைவரையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு விசித்திரசித்தன் இந்தக் கோயிலை ஆக்கினான் என்கிறது. விசித்திரசித்தன் என்பது ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். உளி பிடிச்சவன் பேரு அதுல இல்ல. மருத்துவ வரலாறும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சினைப்பைக் கட்டியை அறுத்த கதையையே பார்ப்போம்.

1809 டிசம்பர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். எஃப்ரெய்ம் மெக்டவல் என்ற டாக்டர், ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் வயிற்றைக் கீறி, பத்துக் கிலோ அளவுக்கு இருந்த சினைப்பைக் கட்டியை 25 நிமிடத்தில் எடுத்தார். மயக்க மருந்து வராத காலம். அந்தப் பெண் அதற்குப் பிறகும் 32 வருஷம் வாழ்ந்தார். 1817இல் மெக்டவல் எழுதிய அறிக்கையில் மூன்று பேருக்குச் செய்த ஆபரேஷன் விவரம் இருக்கிறது. முதல் பெண்ணுக்குப் பேர் உண்டு. மற்ற இருவரும் வெறும் 'நீக்ரோ பெண்'. அடிமைமுறை சட்டமாக இருந்த மாநிலம் அது. அடிமைப் பெண்ணின் உடம்பு எஜமானின் சொத்து. அறுக்கலாமா என்று அவளைக் கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இங்கே என்ன நடந்தது? மேரி ஷார்லீப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக 1885இல் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அந்த நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு வைத்த பேரைப் பாருங்கள்: 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை'. சாதி என்றால் சாதி இந்து. கோஷா என்றால் திரைக்குள் வாழும் பெண். வெயிலில் நாத்து நட்ட நம்ம பாட்டிக்கு சாதியும் இல்ல, திரையும் இல்ல. அந்தப் பேர்ப் பலகையில அவளுக்கு எடமும் இல்ல. இன்றைக்கு அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. சனங்கள் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

இன்று கதவு திறந்திருக்கிறது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வந்தது. கதவு திறந்தால் போதுமா?

2019இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டச் சேதி வெளியே வந்தது. கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்டணும். மாதவிலக்கு அங்கே நஷ்டக்கணக்கு. நம்ம விழுப்புரம் பக்கமும் கரும்பு பூமிதான்.

அதனால்தான் ஆபரேஷனுக்குத் தயாராவது என்றால் வெறும் வயித்தோட போய்ப் படுக்கிறது மட்டும் இல்லை. கேள்வியோடு போகவேண்டும். மாதாமாதம் முட்டை வரும்போது உண்டாகும் நீர்க்கட்டி பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்தில் தானாக வற்றிவிடும். முடியும் பல்லும் அடங்கிய டெர்மாய்டு கட்டியோ, பழைய ரத்தம் தேங்கிய கட்டியோ அப்படி வற்றுவதில்லை. கட்டியோடு சினைப்பை திருகிக்கொண்டால் திடீர் வலியும் வாந்தியும் வரும். அப்போது ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. மற்றபடி கேட்க நேரம் உண்டு: இது எந்தக் கட்டி? கட்டியை மட்டும் எடுப்பீங்களா, சினைப்பையையும் சேர்த்தா? கர்ப்பப்பையைத் தொடுவீங்களா? எனக்கு ரத்தம் போதுமான அளவு இருக்கா? எத்தனை நாள் கட்டு தூக்கக் கூடாது? ரெண்டு சினைப்பையும் போய்விட்டால் மாதவிலக்கு அன்றோடு நின்றுபோகும். அதையும் முன்னாடியே சொல்லணும்.

கேட்பது சலுகை இல்லை. 1995இல் டெல்லியில், சோதனைக்குப் படுத்த சமீரா கோலி மயக்கத்தில் கிடக்கும்போது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த பெண்ணுக்காகப் பெற்ற தாயும் சம்மதம் தர முடியாது.

கைநாட்டு வைக்கிறவளுக்கும் இந்தத் தீர்ப்பு உண்டு. "இன்னா எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்ட பிறகு கட்டைவிரலை மையில் வைக்கட்டும்.