பெல்-டபிள்யூ3

1944-இல் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டங்களில் கீரை, லெட்டூஸ் இலைகளின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் பளபளத்தது, பிறகு வெண்கல நிறமாகிக் காய்ந்தது. பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. ஊர்க்காரர்களுக்கோ கண் எரிச்சல். கந்தக டைஆக்சைடுதான் என்றார்கள். நிலக்கரி நகரங்களைப் பார்த்துப் பழகிய மூளைக்கு வேறென்ன தோன்றும்?

கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சுக்காரர் ஆரி ஹாகன்-ஸ்மிட், அதே கையோடு ஊர்க் காற்றையும் பிடித்துப் பார்த்தார். கார் புகையும் எண்ணெய் ஆலைப் புகையும் வெயிலில் வெந்து ஓசோன் பிறக்கிறது என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். எண்ணெய்க் கம்பெனிகள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது புகையிலைக் கதை. அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் புகையிலையில் விழுந்த புள்ளிகளை விவசாயிகள் வானிலை மேல் போட்டார்கள். அதுவும் ஓசோன்தான் என்று ஹெக்கஸ்டாடும் மிடில்டனும் 1959-இல் எழுதினார்கள். மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் இரண்டு ரகங்கள் நிலைத்தன: தாக்குப்பிடிக்கும் பெல்-பி, பொசுக்கென்று புள்ளி விழும் பெல்-டபிள்யூ3.

செடி சும்மா நிற்பதில்லை. முதலில் இலைத்துளையை மூடும். ஆனால் துளையை மூடினால் கார்பன் டைஆக்சைடும் வராது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டினி கிடக்கிற மாதிரி. அப்படியும் நுழைந்துவிட்ட ஓசோனை செல்சுவரின் ஈரத்திலுள்ள வைட்டமின் சி எதிர்கொண்டு, தானே ஆக்சிஜனேற்றமாகி அழிகிறது. செல் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துத் தர வேண்டும். அந்தச் செலவு விளைச்சலிலிருந்துதான் போகும்.

அந்த ஈரமும் வற்றினால்தான் விபரீதம். ஓசோன் உடைந்து உண்டாகும் பெராக்சைடை செடி நோய்க்கிருமியின் வருகையாக எடுத்துக்கொள்கிறது. கிருமி பரவாமலிருக்க, சுற்றியுள்ள செல்களைத் தானே கொல்கிறது. சாஃப்ட்வேர்காரனாக நான் இதை ஃபால்ஸ் பாசிட்டிவ் என்பேன், ஆனா இங்க செத்துப்போறது நிஜமான இலை. 1998-இல் வெளிவந்த ஆய்வொன்றில் இரண்டு ரகங்களும் ஓசோன் பட்டதும் பெராக்சைடைப் பொங்கவிட்டன. பெல்-பி அதோடு அடங்கியது. பெல்-டபிள்யூ3-இல் ஓசோன் நின்று சில மணி நேரம் கழித்து, தன்பாட்டில் இரண்டாவது முறை பொங்கியது. புள்ளிகள் விழுந்தது அதற்குப் பிறகு.

அடங்கத் தெரியாத அந்த ரகத்தைத்தான் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் தொட்டியில் வைத்தார்கள். வாரக்கணக்கில் விட்டு, இலையில் எத்தனை சதவீதம் செத்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். சில இடங்களில் பக்கத்திலேயே பெல்-பியும் இருக்கும், பச்சையாக.