காலிக் கோட்டையின் கான்கள்: மண்ணுக்குக் கீழே கிடக்கும் எமது வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. கோட்டைக்குள் பழைய வீடு வைத்திருப்பவர்களும், வீட்டைத் திருத்த நினைப்பவர்களும், வாடகைக்கு இருப்பவர்களும் ஒரு தடவை முழுதாக வாசித்துவிடுங்கள்.

காலிக் கோட்டைக்கு வருகிறவர்கள் மதிலைப் பார்க்கிறார்கள், வெளிச்சவீட்டைப் பார்க்கிறார்கள், அதற்கு எதிரே உள்ள எமது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைப் பார்க்கிறார்கள். படமும் எடுக்கிறார்கள். காலுக்குக் கீழே ஓடும் கானை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் இந்தக் கோட்டைக்குள் மனிதர் நெருக்கமாக வாழ முடிந்ததற்கு அந்தக் கானும் ஒரு காரணம்.

போர்த்துக்கேயர் 1588இல் இங்கே ஓர் அரணைக் கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பின்னர் குடாநாடு முழுவதையும் மதிலால் வளைத்து உள்ளே ஒரு நகரத்தையே அமைத்தார்கள். மூன்று பக்கமும் கடல். உள்ளே களஞ்சியம், வைத்தியசாலை, தேவாலயம், வரிசை வரிசையாக வீடுகள். இன்று பெட்லர் வீதி என்று நாம் சொல்லும் வீதிக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் ‘சோனகச் சில்லறை வியாபாரிகள் தெரு’ என்ற பொருளைத் தரும். எமது முன்னோர் அந்தக் காலத்திலேயே இங்கே கடை வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

மதிலுக்குள் இத்தனை பேர் வாழ்ந்தால் அழுக்கு எங்கே போவது? மழை பெய்தால் தண்ணீர் எப்படி வெளியேறுவது? ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். வீதிகளின் கீழே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துப் பெரிய கான்களைக் கட்டி, மதிலுக்கு அடியால் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். கடல் பெருகும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். எமது கடலில் வற்றுப்பெருக்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு தடவை கான் கழுவுப்படும், கூலி கேட்காமல்.

ஆனால் இலங்கைக் கடலில் பெருக்கின் உயரம் ஒரு மீற்றரைக்கூடத் தொடுவதில்லை. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதனால் ட்ரைற்றன் கொத்தளத்தில் காற்றாலை ஒன்றை நிறுத்தி, அதன் பலத்தால் கடல்நீரை இறைத்துக் கானுக்குள் விட்டார்கள். 1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, இந்தக் கான் அமைப்பையும் கோட்டையின் தனிச்சிறப்புகளில் ஒன்றாகக் குறிப்பிட்டார்கள். அந்தக் கான்களில் மூஞ்சூறு வளர்த்து வாசனைப் பொருள் எடுத்தார்கள் என்று ஒரு கதையும் ஊரில் உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை காற்றாலையின் கதைதான். காற்று, கடல், நிலத்தின் சாய்வு மூன்றையும் அறிந்த ஒருவர் போட்ட கணக்கு அது. அதைக் கட்டிய கைகளில் பெரும்பாலானவை இந்த மண்ணின் வேலையாட்களுடையவை, அடிமைகளுடையவை. அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

வீடுகளும் இந்தக் கானை மனதில் வைத்தே கட்டப்பட்டன. தெருவோரம் விறாந்தை, உள்ளே அறைகள், நடுவில் முற்றம். ஓட்டுக்கூரையின் தண்ணீர் முற்றத்தில் விழும். முற்றத்தின் மூலையில் இருக்கும் சிறு வாய்வழியாக வீட்டின் அடியால் ஓடித் தெருக்கானில் சேரும். வீட்டுக் கானும் தெருக்கானும் ஒரே உடம்பு. நடுவில் ஒருவர் அடைத்தால் மேலே உள்ள வீட்டில் தண்ணீர் நிற்கும்.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களுடைய காலத்தில் இலங்கையின் நகரங்களில் வாளிக் கக்கூஸ் பரவியது. ஒவ்வொரு நாளும் அதைச் சுமந்து சென்ற தொழிலாளர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஊர் சுத்தமாக இருந்தது அவர்களுடைய தலைச்சுமையால். ஊர் அவர்களை ஒதுக்கியே வைத்திருந்தது. நகரச் சுகாதாரத்தின் வரலாற்றை எழுதுகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது.

பின்னர் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் வந்தது, கூடவே குழாய் வந்தது. முதலில் மெருகிட்ட சுட்ட களிமண் குழாய், வார்ப்பிரும்புக் குழாய். அதன்பின் சீமெந்துக் குழாய், கடைசியில் பிவிசி. இன்று ஒரு பழைய வீட்டின் நிலத்தைத் தோண்டினால் இத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் இருக்கிறது.

களிமண் குழாய் தன்னளவில் நூறு வருடமும் தாங்கும். அதன் பலவீனம் பொருத்து. ஒரு துண்டு 2 அல்லது 3 அடிதான். 60 அடி நீளமான வீட்டுக்கு 20 முதல் 30 பொருத்து வரும். அவற்றைச் சீமெந்துச் சாந்தால் இறுக்கியிருப்பார்கள். நிலம் ஒரு நூலளவு இறங்கினாலும் சாந்து வெடிக்கும். அந்த வெடிப்பில் மரவேர் நுழையும். வார்ப்பிரும்பை உப்புக்காற்று வெளியிலிருந்தும், அழுக்கிலிருந்து வரும் வாயு உள்ளிருந்தும் தின்னும். செங்கற்கானில் சுண்ணாம்புச் சாந்து கரைந்து, கல் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

இதில் பெரிய ஆபத்து நாற்றம் இல்லை. வெடித்த இடத்தால் தண்ணீர் வெளியே கசியும்போது அடியில் உள்ள மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும். நிலத்துக்குக் கீழே பொந்து உண்டாகும். ஒரு நாள் முற்றத்துக் கல் தாழும், அல்லது சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடும். நாம் சுவருக்குப் பூச்சுப் பூசுவோம். நோயோ நிலத்துக்கு அடியில் இருக்கும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சுவிடும் சுவர். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, சுவரே உதிரத் தொடங்கும்.

இன்னொரு ஆபத்து கிணறு. இதற்கு ஒரு வீட்டின் கதை போதும். 1854 ஆகஸ்ட் மாத இறுதியில் லண்டனின் புரோட் ஸ்ட்ரீட் பகுதியில் வாந்திபேதி வெடித்தது. 600க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், இறந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரே தெருப்பம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். அடுத்த வருடம் பம்புக்குப் பக்கத்தில் இருந்த 40ஆம் இலக்க வீட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். அந்த வீட்டின் பழைய கானும் மலக்குழியும் செங்கல் உக்கிப்போய்க் கிடந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 3 அடிகூட இல்லை. வீட்டில் நோய்ப்பட்ட ஒரு குழந்தையின் துணி கழுவிய தண்ணீர் அந்தக் குழிக்குள்தான் போயிருந்தது. பம்பின் தண்ணீரோ பார்வைக்குத் தெளிவானது, ருசியானது என்று பெயரெடுத்தது. ஒரு வீட்டின் உக்கிய செங்கல் ஒரு பகுதியையே காவு கொண்டது.

அந்தத் தெருவைப் போலவே எமது கோட்டையிலும் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கின்றன. ஒரு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்ற கணக்கில் போட்ட குழாய்கள் இவை. இன்று அதே வீடு தங்குமிடமாக மாறும்போது ஐந்து ஆறு குளியலறை வருகிறது. சமையலறை எண்ணெயும் அதே குழாய்க்குள் போகிறது. நிலத்துக்கு அழகான மாபிள் போடும்போது, கீழே கிடக்கும் கான் என்னவென்று தெரியாமல் கொங்கிறீட் ஊற்றி மூடிவிடுகிறார்கள். மூடியவருக்கு அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த தென்மேற்குப் பருவ மழைக்குப் பக்கத்து வீட்டு உம்மாவின் முற்றத்தில் தண்ணீர் நிற்கும்.

வீடுகள் கைமாறும்போது உறுதியில் எல்லை எழுதுகிறோம், கிணற்றுப் பங்கை எழுதுகிறோம். கான் எந்தப் பக்கத்தால் போகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அது வீட்டுப் பெரியவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர் கண்ணை மூடினால் அந்த வரைபடமும் போய்விடும்.

14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னு அர்ராமி என்று ஒருவர் வாழ்ந்தார். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர். அயலவர் வழக்குகளில் காழிமார் அவரை அனுப்பி இடத்தைப் பார்த்துவரச் செய்வார்கள். சுவர், ஜன்னல், கிணறு, கழிவுக்கான் பற்றிய சச்சரவுகளையும் அவற்றுக்கான மார்க்கத் தீர்ப்புகளையும் அவர் ஒரு கிதாபாகவே எழுதிவைத்தார். பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற அடிப்படையைக் கழிவுக்கான் வரைக்கும் கொண்டுபோனது எமது பாரம்பரியம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானில் சேர்ந்தது என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பாதைக்குக் கீழே இருக்கும் தொல்லையும் அதில் சேரும்தானே?

ஆகவே நாம் செய்யக்கூடிய சில விடயங்கள்:

1. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு கொப்பித் தாளில் வரைந்து வையுங்கள். வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

2. நிலம் தோண்டும் முன் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியை எடுங்கள். செங்கற்கான் தென்பட்டால் உடைக்க வேண்டாம். மேசன் பாஸை நிறுத்திவிட்டு அறிவியுங்கள்.

3. மழைத்தண்ணீரும் மலசலகூடத் தண்ணீரும் வெவ்வேறு வழியால் போகட்டும். பழைய கானில் மலசலகூடத்தைத் தொடுக்க வேண்டாம். இன்று அது நேரே கடலுக்கும் கிணற்றுக்கும் வரும்.

4. புதுக் குழாய் போட்டால் சாய்வைப் பாருங்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி என்பது பழைய பாஸ்மார் அறிந்த கணக்கு.

5. கிணற்றில் சந்தேகம் இருந்தால், கக்கூஸில் நிறச்சாயத்தைக் கரைத்து ஊற்றி, சில நாட்கள் கிணற்றைக் கவனியுங்கள். நிறம் வந்தால் கசிவு உறுதி. வராவிட்டாலும் தண்ணீரைச் சோதிப்பது நல்லது.

6. சுவரில் வெடிப்போ முற்றத்தில் தாழ்வோ கண்டால், பூச்சுப் பூசும் முன் கானைப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்து காலி நகரத்தைச் சூறையாடியபோது, கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெருமளவுக்குக் காத்தது அந்த மதில். அதை அன்று எல்லோரும் கண்ணால் கண்டோம். கான் அப்படிக் கண்ணில் படுவதில்லை. முந்நூறு வருடங்களாகச் சத்தமில்லாமல் எம்மைக் காத்துவந்த ஒன்றை எங்கள் தலைமுறை கொங்கிறீட் போட்டு மூடிவிட்டது என்ற பெயர் எமக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டுக் கான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வாப்பா, மூத்தப்பா சொன்ன கதைகள் இருந்தால் அதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தால் வீதி வீதியாக ஒரு வரைபடம் செய்யலாம். அதைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே வரையச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.