முடிவு தெரியாத ஆட்டம்

கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்ட துப்பறியும் நாவலை மறுபடி படிப்பீர்களா? பெரும்பாலும் மாட்டீர்கள். நேராகப் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டர் கேம்களின் தலையெழுத்தும் அநேகமாக அதுதான். கடைசி வில்லனைச் சாய்த்த கையோடு சி.டி.யைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். ஆனால், 1998 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு கேமை மட்டும் கால் நூற்றாண்டு தாண்டியும் மனிதர்கள் விடுவதாக இல்லை. ஸ்டார்கிராஃப்ட். தயாரிப்பு, ப்ளிஸார்ட் நிறுவனம்.

இது ‘ரியல் டைம் ஸ்ட்ராடஜி’ ரகம். சதுரங்கத்தில் நீங்கள் ஒரு காயை நகர்த்தினால், எதிராளி நகர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே அந்த மரியாதையெல்லாம் கிடையாது. நீங்கள் தாடையைச் சொறிந்துகொண்டு யோசிக்கிற நேரத்தில், அவன் பாட்டுக்குப் படை திரட்டிக்கொண்டிருப்பான். 1992-ல் வெஸ்ட்வுட் நிறுவனத்தின் ‘ட்யூன் 2’ போட்டுக்கொடுத்த பாதை இது. அதில் எத்தனையோ பேர் நடந்தார்கள். ஸ்டார்கிராஃப்டில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது?

கணக்கு இருக்கிறது. சுத்தமான வியாபாரக் கணக்கு.

ஆட்டம் தொடங்கும்போது உங்கள் கையில் 4 வேலையாட்கள், 50 மினரல். மினரல்தான் இங்கே காசு. வேலையாட்கள் அதை வெட்டி எடுத்து வருவார்கள். இன்னொரு வேலையாள் வேண்டுமா? விலை 50. ஆக, முதல் நொடியிலேயே கஜானா காலி. கொஞ்சம் காசு சேர்ந்ததும் என்ன செய்வீர்கள்? ஆள் போட்டால் நாளைய வருமானம் கூடும். எதிரி இன்றைக்கே வந்துவிட்டால்? படையில் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அவன் வரவே இல்லையென்றால்? போட்ட காசு தண்டம். எட்டிப் பார்க்கலாமென்றால் மேப் முழுக்க இருட்டு. வேவு பார்க்க ஒருவனை அனுப்பலாம். அவன் போய்வருகிற நேரத்தில் வெட்டியிருக்க வேண்டிய மினரல் நஷ்டம்.

கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்தத் தலைவலி புரியும்.

இன்னொரு சங்கதி. முந்தைய கேம்களில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அச்சு. சட்டைதான் வேறு. ஸ்டார்கிராஃப்டில் 3 இனங்கள், மூன்றும் மூன்று தினுசு. ஸெர்க், சல்லிசான விலையில் கும்பலாக வரும் பூச்சிப் படை. ப்ரோட்டாஸ், ஆள் குறைவு, அடி பலமாக விழும். நடுவே டெரான், அதாவது நம்மைப் போன்ற மனிதர்கள். கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு பறப்பார்கள். யார் யாரோடு மோதுகிறார் என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறிவிடும்.

இதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய தேசம் அமெரிக்கா அல்ல. தென் கொரியா.

1997 டிசம்பரில் அந்நாடு திவாலாகும் நிலையில் ஐ.எம்.எஃப். வாசலில் நின்றது. ஏகப்பட்ட பேருக்கு வேலை போனது. கையில் கிடைத்த செட்டில்மென்ட் பணத்தில் பலர் ‘பி.சி. பாங்’ திறந்தார்கள். நம் ஊர் ப்ரவுசிங் சென்டரின் கொரிய அண்ணன். 2001-க்குள் எண்ணிக்கை 20 ஆயிரத்தைத் தாண்டியது. மணிக்கணக்கில் உட்காரக் கஸ்டமருக்கு ஒரு காரணம் வேண்டுமே? ஸ்டார்கிராஃப்ட் கிடைத்தது. பிறகு டி.வி. சேனல், சம்பளத்துக்கு ஆடும் வீரர்கள், ஸ்பான்சர்கள். 2004 ஜூலையில் புஸான் நகரின் க்வாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு 1 லட்சம் பேர் வந்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள்.

ஸெர்க் இனம் படை எடுக்குமுன் ஒரு கட்டடம் கட்டியாக வேண்டும். விலை 150. 2001 மே மாதம் வந்த திருத்தத்தில் அதை 200 ஆக்கினார்கள். வெறும் 50 மினரல் வித்தியாசம். ஆனால், எடுத்த எடுப்பில் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிற ஜோலி சற்றே தாமதமானது. எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு விலை, பலம் சம்பந்தப்பட்ட எண்களில் ப்ளிஸார்ட் பெரிதாகக் கைவைக்கவில்லை.

மிச்ச வேலையைக் கொரியர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு இனம் அதிகம் ஜெயித்தால் போட்டிக்கான மேப்பை மாற்றினார்கள். ஒரு பாதையைக் குறுக்குவது, ஒரு மேட்டை நகர்த்துவது. கிரிக்கெட்டில் பிட்ச் போடுகிற மாதிரி.

அப்படியும் ஸெர்க்கிடம் ப்ரோட்டாஸ் திணறியது. 2007-ல் ஸெர்க் ஆடிய மா ஜே-யூன் அசைக்க முடியாத ராஜா. மார்ச் 3 அன்று இறுதிப் போட்டியில் அவர் எதிரே உட்கார்ந்தவர் கிம் டேக்-யோங். வயது 17. ஆடியது ப்ரோட்டாஸ். ஜெயிப்பார் என்று நம்பியவர்கள் சொற்பம்.

கிம் முதலில் விமானங்களை அனுப்பி, ஸெர்க்கின் கண்களாக வானில் மிதக்கும் காவல் பிராணிகளைக் கொன்றார். பின்னாலேயே கண்ணுக்குத் தெரியாத வாள் வீரர்கள். காட்டிக்கொடுக்கும் கண்ணே இல்லாதபோது, யாரைத் தடுப்பது? 3-0. கதை முடிந்தது.

கவனியுங்கள். விமானமும் புதிதல்ல, வாள் வீரனும் புதிதல்ல. இரண்டும் 1998-லிருந்தே பெட்டிக்குள் இருந்தவை. சேர்த்து வைத்து இப்படி அடிக்கலாம் என்று ஒரு பையன் நிரூபிக்க எட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பெட்டிக்குள் இன்னும் என்ன பாக்கி இருக்கிறதோ என்கிற அந்தச் சந்தேகம்தான் ஒரு கேமை மறுபடி மறுபடி ஆட வைக்கிறது.

சந்தேகம் இரண்டு வகை. 2010-ல் வந்தது மற்றது.

பணம் வாங்கிக்கொண்டு முடிவை முன்கூட்டியே தீர்மானித்த சூதாட்ட விவகாரம் அம்பலமானது. வாழ்நாள் தடை விதிக்கப்பட்ட 11 வீரர்களில் மா ஜே-யூனும் ஒருவர். நீதிமன்றத் தண்டனையும் வந்தது. அதுவரை ரசிகர்கள் ‘ரீப்ளே’ போட்டுப் போட்டுப் பார்த்த பழைய ஆட்டங்கள் திடீரென்று வேறு மாதிரி தெரிந்தன. இந்தத் தப்பு, கிடைக்காத வாய்ப்பா, விற்ற தப்பா? சாஃப்ட்வேரில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால், ஆட்டத்தின் உயிர் போய்விட்டது. ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள்.

அத்தோடு செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஓய்வுபெற்ற வீரர்கள் வீட்டிலிருந்தே ஆடி இணையத்தில் ஒளிபரப்ப, ரசிகர்கள் திரும்பி வந்தார்கள். 2017 ஜூலையில் அதே க்வாங்கல்லி கடற்கரையில் புதுப்பிக்கப்பட்ட ஸ்டார்கிராஃப்டின் அறிமுக விழா. படங்கள் பளிச்சென்று மாறின. ஒலி மாறியது.

கணக்கில் மட்டும் கைவைக்கவில்லை. 4 வேலையாட்கள், 50 மினரல்.