ஜாமீனும் சாவியும்: அமெரிக்க மாநிலக் கருவூலர் பதவியின் கதை

நம் நாட்டில் மாநிலக் கருவூலர் என்ற பதவிக்கு யாரும் தேர்தலில் நிற்பதில்லை. செலவுப் பட்டியலைக் கருவூலம் சரிபார்த்துப் பணத்தைப் பட்டுவாடா செய்கிறது. கணக்கை மாநிலக் கணக்காயர் தொகுக்கிறார். அரசின் இருப்பு ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. ஒரு பொறுப்பை நாலு பேர் தோளில் பிரித்து வைத்துப் பழகிய நமக்கு, அமெரிக்க ஏற்பாடு சற்று விநோதமாகத்தான் படும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கருவூலர் மக்களிடம் வாக்குக் கேட்டு ஜெயித்து வருகிறவர். அவர் ஆளுநரின் கட்சியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆளுநர் நினைத்தால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவும் முடியாது.

தொடக்கத்தில் பல மாநிலங்களில் சட்டமன்றம்தான் கருவூலரைத் தேர்ந்தெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அடித்த மக்களாட்சி அலையில் நீதிபதி முதல் கருவூலர் வரை எல்லாப் பதவியும் வாக்குப் பெட்டிக்கு வந்தது. அன்றைய ஏற்பாட்டைக் காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. தணிக்கையாளர் செலவாணை எழுதுவார். அந்த ஆணை இல்லாமல் கருவூலர் ஒரு காசு தரக் கூடாது. பதவியேற்கும்போது பெருந்தொகைக்கு ஜாமீன் பத்திரம் கொடுக்க வேண்டும். பணம் குறைந்தால் ஜாமீன்தாரர்கள் கட்ட வேண்டும்.

இதில் எது இல்லை? பெட்டகத்தைத் திறந்து இருப்பை எண்ணிப் பார்க்கும் ஆள் இல்லை.

அந்தக் குறையின் விலையைக் கெண்டக்கி மாநிலம் கொடுத்தது. ஜேம்ஸ் டேட் அங்கே 1867இல் கருவூலரானார். தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே நாற்காலியில் இருந்தார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நேர்மை டிக்’. 1888இல் கருவூலக் கணக்கை ஆராய வேண்டும் என்று சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது. டேட் அவகாசம் கேட்டார், கிடைத்தது. மார்ச் 14 அன்று தலைநகர் பிராங்க்பர்ட்டில் இருந்த அலுவலகத்தில், அவர் இரண்டு புகையிலைப் பைகளில் பொன், வெள்ளி நாணயங்களை நிரப்புவதை எழுத்தர் ஒருவர் பார்த்தார். கூடவே கனத்த ஒரு நோட்டுச் சுருளும் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. லூயிவில் வரை போய் இரண்டு நாளில் வருவதாகச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் திரும்பவே இல்லை.

எண்ணிப் பார்த்தபோது குறைந்த தொகை சுமார் 2,47,000 டாலர். அந்தக் காலத்தில் ஒரு சிறிய மாநில அரசை ஆட்டிவைக்கப் போதுமான பணம். ஆனால் தலைப்புச் செய்தியான அந்தத் தொகையைவிட, பெட்டகத்தில் கிடைத்த சீட்டுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அரசியல்வாதிகளும் நண்பர்களும் வாங்கிய கைமாற்றுக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள் அவை. சம்பளத்துக்கு முன்பணம், அவசரத்துக்கு ஒரு கடன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டேட் அரசுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கணக்கு பல ஆண்டுகளாகவே ஒழுங்கில்லாமல் கிடந்திருக்கிறது. கணக்கைக் கேட்டிருக்க வேண்டிய வட்டாரமே கைமாற்று வாங்கிய வட்டாரமாகவும் இருந்தால் யார் எழுந்து கேட்பார்கள்? ‘நேர்மை’ என்ற பட்டத்தில் எவ்வளவு நன்றிக்கடன் கலந்திருந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆள் இல்லாமலே விசாரணை நடத்திச் செனட் அவரைப் பதவி நீக்கியது. மகளுக்கு மட்டும் ஜப்பான், சீனா என்று வெளிநாடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. ஆள் அகப்படவே இல்லை.

கெண்டக்கி இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் விசித்திரமானது. கணக்கை ஆராய ஓர் ஆய்வாளர் பதவியை உருவாக்கினார்கள், அது நியாயம். ஆனால் 1891இல் எழுதிய புதிய அரசமைப்பில், மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாக அதிகாரிகள் யாரும் அதே பதவிக்குத் தொடர்ந்து மறுமுறை வரக் கூடாது என்றும் விதித்தார்கள். ஒருவர் ஓடிப்போனதற்கு எல்லோருக்கும் தண்டனை! 1992இல் திருத்தும் வரை அந்தத் தடை ஒரு நூற்றாண்டு நீடித்தது. அரசியல்வாதிகள் அதற்கும் வழி கண்டார்கள். தெல்மா ஸ்டோவல் 1956இல் மாநிலச் செயலர், 1960இல் கருவூலர், 1964இல் மீண்டும் செயலர், 1968இல் மீண்டும் கருவூலர், 1972இல் மறுபடியும் செயலர். ஆள் மாறவில்லை, அறைதான் மாறியது. இது ஸ்டோவல் செய்த தவறில்லை. விதியை எழுதியவர்கள் ஆண்டுக்கணக்கை எண்ணினார்களே ஒழிய பெட்டகத்தை எண்ணவில்லை.

திருட்டே இல்லாமல் நடந்த இன்னொரு கதை விஸ்கான்சினில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாநிலக் கருவூலர்கள் அரசுப் பணத்தைத் தமக்கு வேண்டிய வங்கிகளில் போட்டு வைத்து வட்டியைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். அதை யாரும் கையாடல் என்று நினைக்கவில்லை; பதவியோடு வரும் வரும்படி என்றே கருதினார்கள். விஸ்கான்சினில் 1890 தேர்தலில் ஆட்சி கைமாறியதும், முன்னாள் கருவூலர்கள் அந்த வட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று புதிய ஆட்சியினர் வழக்குப் போட்டார்கள். அந்தக் கருவூலர்களுக்கு ஜாமீன் நின்றவர்களில் ஒருவர் பெரும் மரவியாபாரியும் அமெரிக்க செனட்டருமான பிலீட்டஸ் சாயர். வழக்கு தோற்றால் அவர் கையிலிருந்து பெருந்தொகை போகும். வழக்கை விசாரித்த நீதிபதியின் மைத்துனர் ராபர்ட் லா ஃபாலெட். தீர்ப்பைத் திருப்ப சாயர் தமக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக 1891இல் லா ஃபாலெட் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். சாயர் மறுத்தார். அந்த நீதிபதி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். தீர்ப்பு அரசுக்குச் சாதகமாகவே வந்தது. சாயர் கோஷ்டியோடு ஏற்பட்ட அந்தப் பிளவுதான் லா ஃபாலெட்டைச் சீர்திருத்தக்காரர் ஆக்கியது. 1901இல் அவர் மாநில ஆளுநரானார்.

ஜாமீன் முறையின் கோளாறு இங்கேதான் தெரிகிறது. பெருந்தொகைக்கு ஜாமீன் நிற்கப் பெரும் பணக்காரர்களால்தான் முடியும். அவர்கள் தயவில் பதவியேற்ற கருவூலர், அரசுப் பணத்தை எந்த வங்கியில் போடுவார் என்பதை ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தங்கப் பைகள் போயின. வட்டி அரசுக் கணக்கில் சேர்ந்தது. கருவூலரின் வேலை முதலீடு, கடன் பத்திரம், உரிமை கோராத வங்கிக் கணக்குகளை உரியவரிடம் சேர்ப்பது என்று மாறியது. கலிபோர்னியாவில் 1975 முதல் 1987 வரை கருவூலராக இருந்த ஜெஸ்ஸி அன்ரூ, யாரும் கண்டுகொள்ளாத அந்த அலுவலகத்தைக் கடன் பத்திரச் சந்தையே திரும்பிப் பார்க்கும் இடமாக்கினார். முதலீடு என்று வந்தால் நஷ்டமும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் முதலீட்டு நிதியில் 27 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் வர, கருவூலர் ஜேம்ஸ் மான்சின் 1989இல் பதவி விலக நேர்ந்தது.

பதவியே வேண்டாம் என்று முடிவு செய்த மாநிலங்களும் உண்டு. டெக்சஸில் மார்த்தா வைட்ஹெட் 1994 தேர்தலில் தம் பதவியையே ஒழிப்பதாக வாக்குறுதி தந்து ஜெயித்தார். மறு ஆண்டு மக்கள் வாக்களித்து ஒழித்தார்கள். 1996இல் வேலை முழுவதும், கணக்கையும் செலவாணையையும் பார்க்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்குப் போனது. மின்னசோட்டாவில் 2003இல் அந்தப் பதவி மறைந்தது. செலவு மிச்சம் என்றார்கள், இருக்கலாம். ஆனால் செலவாணை எழுதுபவரும் பணம் தருபவரும் ஒரே அலுவலகத்தில் இருப்பதைக் கணக்குத் துறையில் வளர்ந்த எவரும் அவ்வளவு நிம்மதியாகப் பார்க்க மாட்டார்கள். கெண்டக்கி இன்றும் கருவூலரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.